ஒரே மடிப்புல வெட்டின ரெண்டு

“இந்த வீட்ல தண்ணி நிக்கவே மாட்டேங்குது. ரொப்பி வச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள பாதி காணோம்!”

காலைல குப்பைய எடுத்துக்கிட்டுக் கீழ வர்றப்ப டேப்பக்கா இதத்தான் சொல்லுவாங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ஒரு மாசம், தினமும். எனக்குக் காது புளிச்சுப் போச்சு.

“குழாய்ல ஓட்டை இருக்கும்க்கா. வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க.”

“அந்த மனுஷன் ஊர்ல இருக்கற லிஃப்ட எல்லாம் ரிப்பேர் பண்ணுவாரு. சொந்த வீட்டுக் குழாயத் திரும்பிப் பாக்க மாட்டாரு. நானே பாத்துட்டேன், ஒரு சொட்டு ஒழுகல. குடிக்கற தண்ணிதான் குறையுது. ஜக்குல பென்சில்ல கோடு போட்டு வச்சேன். கோட்டுக்குக் கீழ நாலு விரல் எறங்கியிருக்கு. வீட்ல யாருமே இல்லாத நேரம்னு நெனச்சிட்டிருந்தேன்.”

டேப்பக்கான்னா இந்த பில்டிங்ல தெரியாதவங்க இருக்க முடியாது. பின் ப்ளாக், ரெண்டாவது மாடி. தையல் வேலை. பள்ளிக்கூட யூனிஃபார்ம்தான் அதிகம். உங்க வீட்டுப் புள்ளைங்க பாவாடைல பாதி அவங்க கை பட்டதுதான். கழுத்துல எப்பப் பாத்தாலும் அளவு டேப் தொங்கும், அதனால அந்தப் பேரு. குளிக்கறப்ப கழட்டுவாங்கன்னு நம்பறேன். பாத்தது இல்ல.

ரெண்டு பொண்ணுங்க, இரட்டை. ஆறு நிமிஷம் முன்னாடி வந்தது முந்தி, அடுத்து வந்தது பிந்தி. எட்டு வயசு. ஒரே அச்சு. முந்திக்கு எங்க மச்சமோ பிந்திக்கும் அங்கதான் மச்சம். கூப்பிட்டா ரெண்டும் ஒண்ணாத் திரும்பும், எதுகிட்டப் பேசறோம்னு நமக்கே சந்தேகம் வந்துரும்.

அவங்களுக்கு எது தைச்சாலும் அக்கா தனித்தனியா வெட்ட மாட்டாங்க. துணிய ரெண்டா மடிச்சு, ஓரத்த ஓரத்தோட சேத்து, குண்டூசி குத்தி, ஒரே வெட்டு. ஏன்னு கேட்டா, “தனியா வெட்டினா ஒண்ணு கால் இஞ்ச் கூடும், ஒண்ணு குறையும். அப்புறம் உனக்குத்தான் அழகா தைச்சேன்னு சண்டை. ஒரே மடிப்புல வெட்டிட்டா வாயத் திறக்க முடியாதுல்ல”ம்பாங்க. பாவாடை, தலகாணி உறை, கைக்குட்டை எல்லாம் அப்படித்தான். கை பழகிருச்சு. ஒண்ணு வேணும்னாலும் ரெண்டாத்தான் வெட்டும்.

தண்ணி புகாரு ஓடிட்டிருக்கறப்பவே இன்னொண்ணு ஆரம்பிச்சது. ஒரு நாள் மதியம் என் பொண்ணோட பாவாடைக்கு ஓரம் மடிக்கக் குடுக்கப் போனேன். அக்கா பீரோவ இழுத்துப் போட்டு, முட்டி போட்டு, பின்னால டார்ச் அடிச்சுட்டிருந்தாங்க.

“என்னக்கா, எலியா?”

“வாசனை வரல உனக்கு? எங்கயோ பழம் அழுகுது. மூணு நாளாத் தேடறேன். மெஷின் டிராயரக்கூடக் கொட்டிப் பாத்துட்டேன்.”

மோந்து பாத்தேன். இருந்துச்சு. இனிப்பா, லேசா நகப்பாலிஷ் மாதிரி. ஆனா ஒரு இடத்துல நிக்கல. சமையல் ரூம்ல இருந்தது, நாங்க அங்க போனா இல்ல. கொஞ்ச நேரத்துல வெட்டற மேசைக்கிட்ட அடிச்சது. தரைல சின்னச் சின்னதா ஈரக் கால் தடம், ஜக்குலேர்ந்து மேசை வரைக்கும் வந்து நின்னு போயிருந்தது.

அக்கா என் கையப் புடிச்சாங்க. வாயாடி மனுஷி, அன்னிக்குக் குரலே எறங்கிப் போச்சு. “யாரோ இருக்காங்கடி இந்த வீட்ல. அவர்கிட்ட சொன்னா, பேய்க்குத் தாகம் எடுக்குமான்னு சிரிக்கறாரு.”

நானும் சிரிச்சுத்தான் சமாளிச்சேன். மேசைக்குக் கீழ துணிக் குவியல்ல முந்தி சுருண்டு படுத்திருந்தத ரெண்டு பேரும் பாத்தோம். வெயில்ல பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்த அசதின்னு விட்டுட்டோம். பாத்தும் பாக்கல.

அதவிட ஒண்ணு இருக்கு. அக்காவால இன்னிக்கும் அத வாய்விட்டுச் சொல்ல முடியாது, நான் சொல்றேன். முந்தியோட பாவாடை இடுப்புல நிக்கல. பிந்திக்குச் சரியா இருந்துச்சு, முந்திக்கு வழுக்கிட்டு எறங்குச்சு. ஒரே மடிப்புல வெட்டினது! அக்கா என்ன நெனச்சாங்க தெரியுமா? துணி நகந்துருச்சு, கத்திரி மழுங்கிருச்சு, நம்ம வெட்டு தப்புன்னு நெனச்சாங்க. பிரிச்சு அர இஞ்ச் புடிச்சாங்க. அடுத்த வாரம் மறுபடி புடிச்சாங்க. மூணு வாரத்துல நாலு தடவ. நாலாவது தடவ கத்திரிய சாணை புடிக்கவும் குடுத்தாங்க. டேப்பக் கையில வச்சுக்கிட்டு, புள்ளைய விட்டுட்டுப் பாவாடைய அளந்துட்டிருந்தாங்க. ஒரு தையக்காரிக்குத்தான் அப்படித் தோணும். வேற அம்மாவா இருந்தா, புள்ள இளைக்குதேன்னு அன்னிக்கே பதறியிருப்பா.

அந்த வார வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணி இருக்கும். பிந்தி வந்து என் கதவத் தட்டினா. “ஆன்ட்டி, முந்தி ஓடாமலே மூச்சு வாங்கறா.”

போய்ப் பாத்தா, கட்டில்ல உக்காந்து பெருமூச்சு பெருமூச்சா விடுது புள்ள. கண்ணு சொருகுது, கன்னம் ஒட்டிப் போயிருக்கு. தூக்கித் தோள்ல போட்டேன். மூக்குக்கு நேரா அதோட வாய். அழுகின பழ வாசனை அங்கேர்ந்துதான் வந்துச்சு. ஒரு வாரமா வீட்டுக்குள்ள நடமாடின வாசனை, இந்தப் புள்ளதான் போற இடமெல்லாம் தூக்கிட்டுப் போயிருக்கு. தண்ணியும் அதுதான் குடிச்சிருக்கு.

ஆஸ்பத்திரில விரல்ல குத்தி ரத்தம் எடுத்தாங்க. சக்கரை பாக்கற மெஷின்ல நம்பரே வரல. அளவுக்கு மேலன்னு மட்டும் காட்டுச்சு. நர்ஸ் ஓட்டமும் நடையுமா ஆள் கூப்பிட்டாங்க. எவ்வளவு எடை குறைஞ்சதுன்னு டாக்டரம்மா கேட்டாங்க. அக்காவுக்கு எடை தெரியல. “இடுப்புல ரெண்டேகால் இஞ்ச் டாக்டர்”னாங்க. சொல்லிட்டு சுவத்தப் பாத்துத் திரும்பி நின்னுட்டாங்க.

புள்ள பொழச்சுது. நாலு நாள் கழிச்சு, இன்சுலின் ஊசி எப்படிப் போடணும்னு நர்ஸ் சொல்லிக் குடுத்தாங்க. அஞ்சாவது நாள் டாக்டரம்மா உக்கார வச்சுப் பேசினாங்க. புருஷங்காரர் லீவு கிடைக்காம வேலைக்குப் போயிட்டாரு, அதனால நானும் இருந்தேன். எனக்கு விளங்கினத சொல்றேன். இது சின்னப் புள்ளைங்களுக்கு வர்ற சக்கரை நோய். உடம்புல கிருமிய அடிக்கறதுக்குன்னு ஒரு காவல் படை இருக்கு. அது திடீர்னு குழம்பி, இன்சுலின் பண்ற சொந்த ஆளுங்களையே திருடன்னு நெனச்சு அடிச்சுக் கொன்னு போட்டுருது. வாட்ச்மேன் வீட்டுக்காரனையே போட்டு மொத்தற மாதிரி. இனிப்பு தின்னு வர்றது இல்ல. ஒட்டிக்கறதும் இல்ல.

“எங்க ரெண்டு பக்கமும் யாருக்கும் இல்லையே டாக்டர்?”

“முக்கால்வாசிப் பேரு வீட்ல யாருக்கும் இருந்திருக்காதும்மா. பொறக்கறப்பவே ரத்தத்துல வழி கொஞ்சம் திறந்திருக்கும். அது மட்டும் போதாது. வெளியிலேர்ந்து ஏதோ ஒண்ணு வந்து தள்ளி விடணும். கிருமியா இருக்கலாம். எதுன்னு உலகத்துல யாருக்கும் உறுதியாத் தெரியாது.”

அக்கா கேட்டாங்க, “இன்னொண்ணு?”

ரெண்டும் ஒரே கருவுல பிரிஞ்சது. இவளுக்குத் திறந்திருக்கற வழி அவளுக்கும் திறந்திருக்கும். இந்த மாதிரி இரட்டைல ஏறக்குறைய பாதிப் பேருக்கு மத்ததுக்கும் வருதுன்னும், சில பேருக்கு வருஷக்கணக்கு கழிச்சு வருதுன்னும், பாதிப் பேருக்கு வராமலே போகுதுன்னும் டாக்டரம்மா சொன்னாங்க. ரத்தத்துல சில குறி இருக்கு, காவல் படை குழம்ப ஆரம்பிச்சிருச்சுன்னா வெளிய எதுவும் தெரியறதுக்கு ரொம்ப முன்னாலயே அது காட்டிக் குடுக்கும், சின்னவளுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துரலாம்னாங்க.

“வேணாம்”னு எழுந்துட்டாங்க அக்கா. வெளிய வந்து என்னப் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினாங்க. “இருக்குன்னு தெரிஞ்சு என்னத்தக் கிழிக்கப் போறேன்? ஓடி விளையாடற புள்ளையப் பாத்து இவளுக்கும் உள்ள அரிச்சிட்டிருக்குன்னு தெரிஞ்சே சோறு ஊட்டவா?”

நான் அவங்கள முந்தியோட கட்டிலுக்குக் கூட்டிட்டுப் போனேன்.

அப்புறந்தான் பாக்கச் சகிக்கல. வெட்டற மேசைல பழுப்புத் தாள விரிச்சு, யூனிஃபார்மோட அளவு வரையற பென்சிலாலயே எழுத ஆரம்பிச்சாங்க. நடுவுல ஒரு கோடு. இந்தப் பக்கம் முந்தி, அந்தப் பக்கம் பிந்தி. ரெண்டும் எங்க வித்தியாசப்பட்டுச்சுன்னு. முந்தி சுவத்தோரம் படுத்தா, அந்தச் சுவத்துல ஓதம். பிந்தி ரெண்டு மாசம் கூடத் தாய்ப்பால் குடிச்சா. போன வருஷ மழைல முந்திக்கு அஞ்சு நாள் காய்ச்சலும் வயித்தாலயும். அந்த அஞ்சு நாளும் பிந்தி அத்தை வீட்ல இருந்தா.

“ஒரே மடிப்புல வெட்டினது. ஒரே மாதிரிதான் வரணும். எங்கயோ மேல் துணி நகந்திருக்கு. எங்கன்னு கண்டுபிடிச்சுட்டா அந்த எடத்துக்கு இவளப் போகாமப் பாத்துக்குவேன்”னு என்கிட்ட சொல்லிட்டே கோடு போடுவாங்க. அந்தக் காய்ச்சலா இருக்குமான்னு அடுத்த தடவ கேட்டதுக்கு டாக்டரம்மா, “இருக்கலாம். இல்லாமலும் போகலாம். சத்தியம் பண்ண முடியாது. நீங்க செஞ்சதாலயோ செய்யாததாலயோ வரல, அத மட்டும் சத்தியம் பண்றேன்”னுட்டாங்க. அக்கா தாள மடிக்கல. மேசை முழுக்க விரிஞ்சே கிடந்தது. தைக்க எடமில்ல. பிந்திய ஸ்கூலுக்குப் போறப்ப அளப்பாங்க, வந்ததும் அளப்பாங்க. ஒரு டம்ளர் தண்ணி கூடக் குடிச்சா அந்த முகத்தையே பாத்துட்டு நிப்பாங்க. அந்தப் பார்வை இருக்கே, பொட்டி கட்டிட்டு நிக்கற ஆளப் பாக்கற மாதிரி. நானே அங்க நிக்காம வந்துருவேன். எட்டு வயசுப் புள்ளைக்கு எப்படி இருக்கும்?

இதுல நாமளும் சும்மா இல்ல. அந்த வீட்டுக்குப் போற கூட்டம் நின்னுருச்சு. ‘என்னமோ கிருமியாம்’னு யாரோ ஆரம்பிச்சு விட்டாங்க. முன்னெல்லாம் நாலு மணிக்கு நம்ம பொடுசுங்க எல்லாம் அங்கதான் துண்டுத்துணி பொறுக்கி பொம்மைக்குச் சட்டை தைக்கும். ஒண்ணும் போகல. நான் யோக்கியம்னு சொல்ல வரல. டாக்டர் வாயால ஒட்டிக்காதுன்னு கேட்டவ நான். நானே என் பொண்ணுகிட்ட, “போனா போ, அங்க தண்ணி கிண்ணி குடிச்சு வைக்காத”ன்னேன். புத்தி போற போக்கு அப்படி.

மூணாவது மாசம் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். சக்கரை பாக்கற மெஷின் குத்தினதெல்லாம் நேரத்தோட ஞாபகம் வச்சுக்கும். நர்ஸ் ஒவ்வொண்ணா நகத்திப் பாத்துட்டே வந்தாங்க. ஒரு எடத்துல நின்னாங்க.

“மூணேகாலுக்கு யாருக்குப் பாக்கறீங்க?”

“மூணு மணிக்குப் பாப்போம். ஸ்கூல் விட்டு வந்ததும்.”

“அது இருக்கு. இருநூத்திப் பத்து, நூத்தி எழுபது. மூணேகாலுக்குத் தனியா ஒண்ணு இருக்கே. தொண்ணூறு, எண்பத்தாறு, தொண்ணூத்து நாலு. தினமும். ஒரே புள்ளைக்குக் கால் மணி நேரத்துல இவ்வளவு எறங்காதும்மா. இது வேற ஆளு ரத்தம். சக்கரையே இல்லாத ஆளு.”

அக்கா மெஷின வாங்கி வெறிச்சுப் பாத்தாங்க. நாப்பத்தோரு நாள் இருந்துச்சு. ஒரு நாள் தவறல. ரெண்டு பேரு அந்தச் சின்னப் பொட்டிக்குள்ள பக்கத்துல பக்கத்துல இருந்திருக்காங்க, ஒண்ணு நோயோட, ஒண்ணு நோயில்லாம. வெளிய யாருக்கும் தெரியல. வழியெல்லாம் அக்கா அந்த நம்பரத் திரும்பத் திரும்ப நகத்திப் பாத்துட்டே வந்தாங்க.

மறுநாள் மூணு மணிக்கு முந்திக்குக் குத்திப் பாத்துட்டு, கீழ கடைக்குப் போறேன்னு சத்தமாச் சொல்லிட்டு, கதவ ஒட்டினாப்ல சாத்திட்டு என் கூட வெளிய நின்னாங்க. மூணேகால் ஆச்சு. கதவ மெல்லத் தள்ளினோம்.

வெட்டற மேசைக்குக் கீழ ரெண்டும் எதிரும் புதிருமா உக்காந்திருக்கு. ஒரே முகம், ஒரே பின்னல். நடுவுல மெஷின். ஒண்ணு கை நீட்டியிருக்கு, இன்னொண்ணு அந்த விரலப் புடிச்சுட்டு அதட்டுது.

“நடுவுல குத்தாதடி. ஓரத்துல குத்து. வலிக்காது.”

“நீயே குத்து.”

எது யாருன்னே எனக்கு ஒரு நிமிஷம் தெரியல. கை நீட்டினது பிந்தி. சொட்டு ரத்தம் வச்சுது, ரெண்டு தலையும் முட்டிக்கிட்டு நம்பரப் பாத்துச்சுங்க. முந்தி சொன்னா, “எண்பத்தெட்டு. இன்னிக்கும் வரல.”

அக்கா குனிஞ்சு, “என்னடி வரல?”ன்னாங்க.

ரெண்டும் பயப்படவே இல்ல, அதுதான் எனக்குத் திக்குன்னு இருந்துச்சு. பிந்தி பஸ் லேட்டுன்னு சொல்ற மாதிரி சாதாரணமா, “எனக்கு வர வேண்டியது”ன்னா.

“யாருடி சொன்னது உனக்கு வரும்னு?”

“நீதான் ஆன்ட்டிகிட்ட சொன்னியே. ஒரே மடிப்புல வெட்டினது, ஒரே மாதிரிதான் வரணும்னு. நாங்க கீழதான் இருந்தோம். அதோட என் பையும் ரெடியா இருக்கேம்மா.”

எழுந்து போய் பீரோவத் திறந்து எடுத்துட்டு வந்தா. இன்சுலின் பேனா வைக்க முந்திக்கு அக்கா ஒரு பை தைச்சிருந்தாங்க, உள்ள பஞ்சு வச்சு, ஊசிக்குத் தனி அறை, மெஷினுக்குத் தனி அறை போட்டு. அதே மாதிரி இன்னொண்ணு. அதே துணி, அதே அறை. காலியா. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த மறுநாள், கை பழக்கத்துல துணிய ரெண்டா மடிச்சு வெட்டி, ரெண்டையும் தைச்சு, ஒண்ண முந்திகிட்டக் குடுத்துட்டு ஒண்ண மடிச்சு உள்ள வச்சிருக்காங்க. என்னத்துக்கு வச்சோம்னு அக்காவுக்கே தெரியல. பிந்திக்குத் தெரிஞ்சிருக்கு.

“எப்பம்மா வரும்? பரிச்சைக்கு முன்னாடியா?”

அக்கா தரைல உக்காந்துட்டாங்க. டேப்போட நுனிய வாயில அடைச்சுக்கிட்டு அழுதாங்க. முந்திதான் போய், “அழாதம்மா, ஓரத்துல குத்தினா வலிக்காது”ன்னு தேத்துது.

அந்த வாரமே டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. புருஷங்காரரும் லீவு போட்டு வந்தாரு. ‘தெரியாம இருக்கட்டும்னு நான் நெனச்சேன். அவ தெரிஞ்சுக்கிட்டுத் தனியா காவல் காத்துட்டிருந்திருக்கா’ன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாங்க அக்கா.

பதினஞ்சு நாள்ல ரிசல்ட் வந்துச்சு. பாத்த குறில ஒண்ணே ஒண்ணு இருக்கு. ரெண்டு இருந்தா என்னிக்காவது ஒரு நாள் வந்தே தீரும்னு வச்சுக்கலாமாம். ஒண்ணு மட்டும்னா சில பேருக்கு அது அப்படியே நின்னுரும், மறைஞ்சு போறதும் உண்டு, வளர்றதும் உண்டு. வாசல் வரைக்கும் வந்து நிக்குது, உள்ள வருமா, திரும்பிப் போகுமான்னு தெரியாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ பாக்கணும்னாங்க. டாக்டரம்மா பிந்தியப் பக்கத்துல கூப்பிட்டு, “இனிமே பாக்கறது என் வேலை. நீ தினமும் குத்திக்கக் கூடாது. என் வேலையப் புடுங்கினா எனக்கு சம்பளம் எவன் தருவான்?”ன்னாங்க. பிந்தி யோசிச்சுட்டு, “சரி, ஆனா நீங்க மறந்துரக் கூடாது”ன்னா. அதுக்கப்புறம் மூணேகால் நம்பர் மெஷின்ல இல்ல.

எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சுக்காதீங்க. அக்கா தாளச் சுருட்டிட்டாங்க, தைக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா வீடு அமைதியா இருக்கு. நாலு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்காங்க. தும்மினா திரும்பறாங்க, கொட்டாவி விட்டா திரும்பறாங்க. கதவுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு காத்துட்டிருக்குன்னு சொல்லிட்டாங்க, இந்தப் பக்கம் பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்ல. போன வாரம் அக்கா என்கிட்ட, “யாராவது வந்து சண்டையாவது போடுங்கடி. இவளுகளையே பாத்துட்டிருந்தா நானே இவளுகளுக்கு நோயாயிருவேன்”ன்னாங்க.

அதனாலதான் அசோசியேஷன் தாள்ல இத எழுதறேன். போய்ப் பாருங்க. பின் ப்ளாக், ரெண்டாவது மாடி, மீட்டர் பொட்டிக்கு எதிர்க் கதவு. நாலு மணிக்கு மேல போங்க, உங்க பொடுசுங்களையும் கூட்டிட்டுப் போங்க. குடுக்கறத வாங்கிக் குடிங்க. டெஸ்ட் என்னாச்சு, எந்தப் புள்ளைக்கு, எதனால வந்துச்சுன்னு நோண்டாதீங்க. புள்ளைங்க தலையத் தடவி உச்சு கொட்டாதீங்க. நீங்க பாட்டுக்கு உக்காந்து ஊர்க்கதை பேசுங்க, சத்தமாப் பேசுங்க. என் பொண்ணு திங்கக்கிழமைலேர்ந்து போறா. ஒருத்தியா போறா, பத்தல.